ஆயர் டானியல் கொம்போனி (1831 – 1881)

இத்தாலியின் கார்டா ஏரிக்கரையிலுள்ள லிமோனே என்னும் சிற்றூரில் 1831 மார்ச் 15ஆந் திகதி டானியல் கொம்போனி பிறந்தார். ஏழைக் குடும்பம். பெற்றோருக்குப் பிறந்த எட்டுப் பிள்ளைகளில் வளர்ந்து ஆளானவர் இவர் ஒருவரே. வெரோனா நகரில் மாட்சா அடிகளார் நடத்திய நிறுவனத்தில் கற்று, 1854 டிசெம்பரில் குருவானார்.

ஆபிரிக்காவுக்குச் செல்ல அவர் விரும்பினார். ஆனால் முதிர்ந்து வரும் பெற்றோரை யார் பார்ப்பது? இவ்வேதனையோடுதான் 1857இல் ஐந்து தோழர்களுடன் புறப்பட்டார். நான்கு மாதப் பயணத்தின் பின் சூடானின் கார்ட்டூம் நகரை அடைந்து, அங்கிருந்து வெள்ளை நைல் நதிவழியே டிங்கா மக்கள் வாழும் பகுதிக்குச் சென்றார். கடும் வெப்பமும் காய்ச்சலும் குருக்களை ஒருவர் பின் ஒருவராகப் பலிகொண்டன. 1858 மார்ச்சில் ஒலிபோனி அடிகளார் இறந்தார். பணியைக் கைவிட வேண்டாம் என்பதே அவரது இறுதி வேண்டுகோள். நோயுற்ற கொம்போனி 1859இல் நாடு திரும்பினார்.

ஐரோப்பியர் உள்நாட்டில் உயிர்வாழ முடியவில்லை. ஆபிரிக்கரோ ஐரோப்பாவில் கற்கச் சென்று நோயுற்றனர். அப்படியாயின் இருவரும் வாழக்கூடிய கரையோர இடங்களில் கல்விக்கூடங்கள் அமைத்தால் என்ன? அங்கு பயிலும் ஆபிரிக்கரே குருக்களாகவும் ஆசிரியராகவும் கைவினைஞராகவும் தம் மக்களிடம் செல்லட்டும். ஆபிரிக்காவை ஆபிரிக்கரைக் கொண்டே மீட்டெடுக்கும் இத்திட்டம், 1864 செப்ரெம்பர் 15ஆந் திகதி உரோமையில் புனித பேதுருவின் கல்லறையருகே செபிக்கையில் அவர் உள்ளத்தில் உருவானது. (ஆயரான பின்னரே திட்டம் வகுத்தார் என மாணவர் பலர் எழுதிவிடுகின்றனர். திட்டம் 13 ஆண்டுகள் முந்தியது.)

1867இல் வெரோனாவில் ஆண்களுக்கும், 1872இல் பெண்களுக்குமாக மறைபரப்புச் சபைகளை நிறுவினார். மத்திய ஆபிரிக்கப் பணியில் அருட்சகோதரிகளை ஈடுபடுத்தியமை அக்காலத்தில் துணிச்சலான செயலாகும்.

1877இல் மத்திய ஆபிரிக்காவின் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அடுத்து வந்த வறட்சியும் பஞ்சமும் மக்களையும் பணியாளரையும் வாட்டின. எனினும் அடிமை வியாபாரத்தை எதிர்ப்பதை அவர் நிறுத்தவில்லை. அடிமையாக விற்கப்பட்டுத் தப்பிவந்த டானியல் சொரூர் என்னும் டிங்காச் சிறுவனுக்கு அவர் அடைக்கலம் அளித்து, பின்னர் உரோமையில் கற்கவும் வழிசெய்தார்.

1881 ஒக்ரோபர் 10ஆந் திகதி, 50ஆவது வயதில், கார்ட்டூமில் காய்ச்சலால் இறந்தார். அதே ஆண்டு தொடங்கிய மஹ்தி கிளர்ச்சியில் அவரது கல்லறையும் சிதைக்கப்பட்டது. சொரூர் 1887இல் குருவானார். அதைக் காண ஆயர் உயிரோடில்லை.

2003 ஒக்ரோபர் 5ஆந் திகதி பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கொம்போனியைப் புனிதராக அறிவித்தார்.