குடலைப் பொருத்திய பொத்தான்

2009 இல் வன்னியில் என் மாமாவின் வயிற்றில் ஷெல் துண்டு பட்டது. குடலை வெட்டி, முனையை வெளியே எடுத்துப் பை கட்டிவிட்டார்கள். பல மாதங்களுக்குப் பிறகுதான் மறுபடி உள்ளே பொருத்தினார்கள். அந்தப் பொருத்து பிடிக்குமா, கசியுமா என்ற பயத்தில் ஒரு கிழமை வீட்டில் ஒருவரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. கசிந்தால் மலம் வயிற்றுக்குள் பரவி ஆளைக் கொண்டுபோய்விடும் என்பது வார்ட்டில் இருந்த எல்லோருக்கும் தெரியும். இதே பயத்தோடு மல்லுக்கட்டிய ஜோன் பி. மேர்பி என்ற அமெரிக்க வைத்தியரைப் பற்றிப் பின்னாளில்தான் படித்தேன்.

மேர்பியின் பெற்றோர் அயர்லாந்தின் பஞ்சத்தால் ஊரைவிட்டுப் போனவர்கள். 1857 இல் விஸ்கொன்சினில் ஒரு பண்ணையில் பிறந்தார். சிக்காகோவில் வைத்தியம் படித்து, வியன்னாவில் மேற்படிப்பு முடித்துத் திரும்பினார். 1886 மே மாதம் சிக்காகோ ஹேமார்க்கெட் கூட்டத்தில் குண்டு வெடித்த இரவில், காயப்பட்ட பொலிஸாருக்குச் சிகிச்சை அளித்தவர்களில் அவரும் ஒருவர்.

அந்தக் காலத்தில் குடலைப் பொருத்துவதென்றால் ஊசி நூல்தான். நேரம் பிடிக்கும் வேலை. அன்டிபயோட்டிக் இல்லை, இரத்தம் ஏற்றும் வசதி இல்லை. மேசையில் கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் நோயாளிக்கு ஆபத்து. 1892 இல் மேர்பி ஓர் உலோகப் பொத்தானை அறிமுகப்படுத்தினார். அதற்கு இரண்டு பாதிகள். வெட்டிய குடல் முனை ஒவ்வொன்றிலும் ஒரு பாதியை வைத்து, சுருக்குப்பை வாயை இழுப்பதுபோல நூலால் சுருக்கி, இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று அழுத்திவிட வேண்டும். நடுவில் நசுங்கிய விளிம்பு இரத்தமின்றிச் செத்துப்போகும். அதற்குள் அதைச் சுற்றியுள்ள குடற்சுவர் ஒட்டிவிடும். பொத்தான் கழன்று மலத்தோடு போய்விடும்.

எதிர்ப்பும் வந்தது, அதில் நியாயமும் இருந்தது. சிலருக்குப் பொத்தான் உள்ளேயே சிக்கியது, சிலருக்குப் பொருத்திய இடம் ஒடுங்கியது. மேர்பி விளம்பரப் பிரியர் என்று சக வைத்தியர்கள் முகம் சுளித்தார்கள். காலப்போக்கில் பலர் நூலுக்கே திரும்பினார்கள்.

ஆனால் அவர் எண்ணம் சாகவில்லை. இன்று சிறு துளைகள் வழியே கமரா விட்டுப் பெருங்குடலை வெட்டும்போது, கீழ்ப்பகுதியைப் பொருத்தப் பயன்படும் வட்ட ஸ்டேப்ளரும் இரண்டு பாதிகளை நெருக்கித்தான் வேலை செய்கிறது. வலப்பக்கக் குடலை வெளியே இழுத்துப் பொருத்துவதா, வயிற்றுக்குள்ளேயே பொருத்துவதா என்பது இப்போதைய விவாதம். உள்ளே பொருத்தினால் வெட்டுக்காயம் சிறிதாகும், குடல் முன்னதாக இயங்கத் தொடங்கும். ஆனால் நேரம் கூடும், நீண்ட கருவிகளால் தைக்கும் கைப்பழக்கமும் வேண்டும்.

1896 இல் துப்பாக்கிச் சூடு பட்ட ஒருவரின் தொடை நாடியை வெட்டி, முனையோடு முனை பொருத்தி வெற்றி கண்டவரும் மேர்பிதான். 1912 இல் நெஞ்சில் சுடப்பட்ட முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் சிக்காகோ மேர்சி வைத்தியசாலையில் இவரது பொறுப்பில் இருந்தார். ரவையைத் தோண்டி எடுக்கவில்லை. எடுப்பதைவிட விடுவது பாதுகாப்பு என்று முடிவாயிற்று. ரூஸ்வெல்ட் சாகும்வரை அது உடலிலேயே இருந்தது.

மேர்பி 1916 ஓகஸ்டில், 58 வயதில் காலமானார். ரூஸ்வெல்டின் கதையை மாமாவுக்குச் சொன்னேன். அவர் இடுப்பிலும் எடுக்காமல் விட்ட துண்டு ஒன்று இருக்கிறது. சிரித்துவிட்டு, தேத்தண்ணி ஊற்றச் சொன்னார்.