மண்டையோட்டில் முகம் கண்டவர்

1398-ஆம் ஆண்டின் இறுதியில் தைமூர் தில்லியைச் சூறையாடினான். பள்ளியில் நாம் அனைவரும் படித்த செய்திதான் இது. ஆனால் மேற்படிப்புக்காக ஊரை விட்டு இந்நகருக்கு வந்து, பழைய கோட்டைச் சுவர்களின் ஓரமாக நடக்கும்போதுதான் அந்தப் பெயர் ஏட்டை விட்டு எழுந்து நம் முன் வந்து நிற்கிறது. அவன் முகம் எப்படி இருந்திருக்கும்? ஓவியங்கள் பல உண்டு. ஆயினும் அவற்றுள் பெரும்பாலானவை அவன் மறைந்த பிறகு, அவனைக் காணாதவர்கள் தீட்டியவை. கற்பனையை நம்பாமல், எலும்பை அளந்து அந்த முகத்தை உருவாக்கிக் காட்டிய மனிதர் ஒருவர் இருந்தார். அவர்தாம் ரஷ்ய மானிடவியல் அறிஞர் மிகயில் கெராசிமவ். மண்டையோட்டைக் கொடுத்தால் முகத்தைத் திருப்பித் தருபவர் என்று உலகம் அவரைப் புகழ்ந்தது. அப்புகழில் உண்மை எவ்வளவு, அதன் எல்லை எது என்னும் இரண்டையும் அவருடைய வாழ்க்கையே நமக்குக் கற்பிக்கிறது.

கெராசிமவ் 1907-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தார். தந்தை மருத்துவர். குழந்தை பிறந்த சிறிது காலத்திலேயே குடும்பம் சைபீரியாவிலுள்ள இர்கூட்ஸ்க் நகரில் குடியேறியது. பழங்கால உயிர்களின் எலும்புகளும் கற்கருவிகளும் மண்ணிலிருந்து வெளிப்படும் நாடு அது. சிறுவனுக்கு அவையே விளையாட்டுப் பொருள்கள் ஆயின. பதின்மூன்றாம் வயதில் அவ்வூர் மருத்துவக் கல்லூரியின் உடற்கூற்றுக் காட்சிசாலையில் வேலை செய்யத் தொடங்கினார். மற்றச் சிறுவர்கள் அஞ்சி ஓடும் இடத்தில், தசை எலும்போடு எங்கே பற்றுகிறது, எங்கே மெலிகிறது, எங்கே தடிக்கிறது என்று அவர் நோக்கி நின்றார். இருபது வயதில் ஆதி மனிதர்களின் உருவங்களை அவ்வூர்க் காட்சிசாலைக்காகச் செய்தார். 1928-இல் இர்கூட்ஸ்க் அருகே மால்தா என்னும் சிற்றூரில் பழைய கற்கால மக்களின் குடியிருப்பைத் தோண்டத் தொடங்கினார். அங்கே கிடைத்த மாமூத் யானைத் தந்தப் பெண்ணுருவங்கள் இன்றும் வரலாற்று நூல்களில் இடம்பெறுகின்றன.

மண்டையோட்டிலிருந்து முகம் சமைக்கும் முயற்சி அவருக்கு முன்பே தொடங்கியிருந்தது. 1895-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் ஹிஸ் என்னும் உடற்கூற்று அறிஞர், இசைமேதை பாஹ் அவர்களுடையதெனக் கருதப்பட்ட மண்டையோட்டை ஆராய்ந்தார். இறந்தோர் முகங்களில் ஊசியைச் செருகி, எலும்பு தட்டும் ஆழத்தைக் குறித்து, சதைப் பருமனுக்குச் சராசரி கண்டார். அந்த அளவுகளைக் கொண்டு ஒரு சிற்பி முகம் வடித்தார். 1898-இல் கோல்மன், பியூக்லி என்னும் இருவர் கற்காலப் பெண் ஒருத்தியின் முகத்தை இதே வழியில் உருவாக்கினர். எனினும் சராசரி என்பது எல்லாருக்கும் பொது. அதை மட்டும் ஏற்றினால் எந்த மண்டையோட்டின் மீதும் பொதுவான ஒரு முகமே அமையும். தனி ஒருவரின் முகம் எங்கிருந்து வரும்?

இவ்வினாவுக்கு விடை தேடியதே கெராசிமவ் அவர்களின் தொண்டு. 1930-களில் லெனின்கிராடுக்கு வந்த பின், இறந்தோர் முகங்களை அவர் இடைவிடாது அளந்தார். எலும்பின் மேடு பள்ளங்கள் அதன் மேலுள்ள சதைக்குச் சான்று சொல்லும் என்பது அவருடைய கொள்கை. தாடையிலும் நெற்றிப் பக்கத்திலும் மெல்லும் தசைகள் பற்றிய தழும்புகள் ஆழமாக இருந்தால், தசையும் வலியதாக இருந்திருக்கும். மூக்கெலும்பின் சாய்வும் மூக்குத் துளையின் அடியிலுள்ள சிறு முள்ளெலும்பும் மூக்கு நீண்ட திசையைக் காட்டும். பற்களின் அமைப்பு உதட்டின் நிலையைக் கூறும். மண்டையோட்டின் மீது முதலில் மெல்லும் தசைகளை மெழுகுக் கலவையால் பொருத்துவார். பிறகு நெற்றி நடுவிலிருந்து மோவாய் வரை அளந்த பருமனுக்கு வரம்புகள் எழுப்புவார். இறுதியில் இடைவெளிகளை நிரப்புவார்.

கலைஞர் கை தேர்ந்தால் அழகிய முகம் எவர்க்கும் அமையும். அது அந்த மனிதரின் முகம்தானா என்று கேட்பவர் யார்? கெராசிமவ் தாமே கேட்டார். அதுவே அவரை வெறும் சிற்பியினின்று வேறுபடுத்தியது. யாருடையது என்று தமக்குத் தெரியாத மண்டையோடுகளைத் தருமாறு பிறரை வேண்டினார். இறந்தவரின் படம் அவர்களிடமே இருக்கும். வேலை முடிந்த பின்புதான் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பார்கள். 1940, 1941-ஆம் ஆண்டுகளில் மாஸ்கோவில் இத்தகைய சோதனைகள் பன்னிரண்டு நடைபெற்றன. நாவலாசிரியர் தாஸ்தாயெவ்ஸ்கியின் அன்னையாருடைய மண்டையோட்டின் மீது அவர் அமைத்த முகமும் அவ்வம்மையாரின் பழைய ஓவியத்தோடு ஒப்பிடப்பட்டது.

இதனிடையே 1939-இல் போலீசார் அவரை நாடினர். லெனின்கிராடு வட்டாரக் காட்டில் சிதறிக் கிடந்த எலும்புகள் அவரிடம் வந்தன. அவை பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுவனுடையவை என்று கண்டு, முகத்தை அமைத்தார். அந்த உருவத்தைப் படமெடுத்து, வேறு சிறுவர் படங்களோடு கலந்து, மகனைக் காணாது தவித்த தந்தை ஒருவர் முன் வைத்தனர். தந்தை தம் மகனை அடையாளம் கண்டார். அறிவியல் வெற்றி என்று இதனைக் கொண்டாட மனம் வருமா? ஆயினும் காணாமற்போனவனை எண்ணி வாயிலைப் பார்த்திருப்பதைக் காட்டிலும், உண்மை அறிந்து அழுவதற்கேனும் அத்தந்தைக்கு வழி பிறந்தது. முகம் அளக்கும் தொழிலுக்குப் பொருள் இங்கேதான் இருக்கிறது.

1941 ஜூனில் சாமர்க்கண்டில் தைமூரின் கல்லறை திறக்கப்பட்டது. வலக்காலின் எலும்புகள் அவன் நொண்டி என்ற வரலாற்றுச் செய்தியை மெய்ப்பித்தன. மண்டையில் செம்மை படர்ந்த மயிர் எஞ்சியிருந்தது. கெராசிமவ் அமைத்த முகத்தில் மங்கோலியச் சாயல் தெளிவாக இருந்தது. அருகில் அடக்கம் செய்யப்பட்டிருந்த அவன் பேரன், வானநூல் வல்லுநன் உலூக் பேக்கின் தலை உடலினின்று வெட்டுண்டிருந்தது. அவன் 1449-இல் கொலையுண்டான் என்ற செய்தியும் உறுதியாயிற்று.

கல்லறையைத் திறந்ததால்தான் போர் வந்தது என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது. ஜூன் 22-இல் ஜெர்மானியப் படை சோவியத் நாட்டில் புகுந்தது உண்மை. ஆனால் அப்படையெடுப்புக்கான ஆணையில் ஹிட்லர் கையொப்பமிட்டது 1940 டிசம்பரில். சாபத்துக்கு ஆறு மாதம் முன்பே காரியம் தொடங்கிவிட்டது! நாள்களை எண்ணிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இத்தகைய கதைகள் நம்மை மயக்கா.

கெராசிமவ் தம் முறையை விளக்கி எழுதிய நூல் 1949-இல் வெளிவந்தது. மறு ஆண்டு அதற்கு அரசின் பரிசு கிடைத்தது. அவ்வாண்டே மாஸ்கோவில் அவருக்கென ஆய்வுக்கூடம் ஒன்று அமைந்தது. கீவ் நகர் ஆண்ட யாரஸ்லாவ், பாரசீக மொழிக் கவிஞர் ரூதகி, 1963-இல் கல்லறை திறக்கப்பட்ட கொடுங்கோலன் இவான் எனப் பலருக்கு அவர் முகம் தந்தார். இவானின் முதுகெலும்பில் கண்ட எலும்பு வளர்ச்சி, அவன் இறுதிக் காலத்தில் குனியவும் நிமிரவும் எவ்வளவு துன்புற்றிருப்பான் என்பதைக் காட்டியது.

இனி அவர் சறுக்கிய இடத்தையும் சொல்ல வேண்டும். ஜெர்மானியக் கவிஞர் ஷில்லர் 1805-இல் வைமார் நகரில் இறந்து, பலருக்கும் பொதுவான கல்லறையில் வைக்கப்பட்டார். 1826-இல் அங்கிருந்த எலும்புகளுள் ஒரு மண்டையோட்டை அவருடையதெனத் தேர்ந்தனர். 1911-இல் வேறோர் அறிஞர், அது தவறென்று கூறி, மற்றொரு மண்டையோட்டை எடுத்தார். இரண்டில் எது உண்மை? 1961-இல் கெராசிமவ் வைமாருக்குச் சென்று, முகத்தை அமைத்துப் பார்த்து, முதலாவதே ஷில்லருடையது என்று தீர்ப்பளித்தார். 1970-இல் அவர் மறைந்தார். 2008-இல் ஷில்லரின் உறவினர் எலும்புகளோடு டி.என்.ஏ. ஒப்பிட்டுப் பார்த்தபோது, இரு மண்டையோடுகளுமே ஷில்லருடையவை அல்ல என்று முடிவாயிற்று!

இதனால் அவர் முறை பொய்யென்று சொல்லலாமா? அவ்வாறன்று. அந்த மண்டையோட்டுக்கு உரியவர் ஒருவேளை அப்படியே இருந்திருக்கலாம். ஆனால் யார் முகம் வரவேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்த இடம் அது. ஷில்லரின் முகம் எல்லாரும் அறிந்தது. மாஸ்கோவில் அவர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட கடுஞ்சோதனைக்கு வைமாரில் இடமில்லை. ஒத்திருக்கிறது என்பது வேறு. அவர்தான் என்பது வேறு. முன்னதைத்தான் முகம் சொல்லும். பின்னதைச் சொல்ல வேறு சான்று வேண்டும். 2001-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் இருவர், மண்டையோட்டிலிருந்து அமைத்த முகங்களைப் பிறர் எவ்வளவு இனங்காண்கின்றனர் என்று சோதித்து, குருட்டாம்போக்கில் சொல்வதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடில்லை என்று கண்டனர். ஆகவே இக்கலை இன்றும் பணிவோடு நடக்க வேண்டிய கலையே.

இப்பணிவை நான் கற்றதும் அளவினால்தான். இன்று ஊசி தேவையில்லை, உயிரோடிருப்பவரின் சி.டி. ஸ்கேன் படத்தில் எலும்பும் தோலும் தனித்தனியே தெரிகின்றன. கணினித் திரையில் புள்ளி வைத்துப் பருமனை அளப்பது என் வேலை. எளிதுதானே என்று எண்ணியிருந்தேன். ஒரே படத்தை ஒரு வாரம் கழித்து மீண்டும் அளந்தபோது, கன்னத்தில் இரண்டு மில்லிமீட்டர் மாறியிருந்தது. படம் அதேதான், மாறியது நான் புள்ளி வைத்த இடம். அன்று முதல் ஒவ்வொன்றையும் இருமுறை அளக்கிறேன். இடர்கள் இன்னும் உண்டு. படுத்த நிலையில் ஸ்கேன் எடுப்பதால் கன்னச் சதை பின்னோக்கிச் சரிகிறது. பல்லில் அடைத்த உலோகம் படத்தில் கீற்றுகளைப் பரப்பி உதட்டை மறைக்கிறது. தலை சற்றே சாய்ந்திருந்தாலும் அளவு பிழைபடும்.

மேலும், ஒரு நாட்டினரின் சராசரியை மற்றொரு நாட்டினருக்கு அப்படியே ஏற்றலாகாது. கெராசிமவ் அவர்களுக்குப் பின் அவருடைய மாணவியர் ஒலியலைக் கருவி கொண்டு, சோவியத் நாட்டின் பல இனத்து மக்களை உயிரோடிருக்கும்போதே அளந்தனர். நம் நாட்டில் பெயர் தெரியாமல் எரிக்கப்படும், புதைக்கப்படும் உடல்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் எங்கோ ஒரு வீட்டில் வாயிலைப் பார்த்திருப்பவர் உண்டு. அந்த மண்டையோடுகளில் அயலார் அளவை ஏற்றி முகம் அமைத்தால், பெற்றவரே பிள்ளையை அடையாளம் காணாமற் போகலாம். நம் மக்களின் அளவு நம்மால் எடுக்கப்பட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

தைமூருக்கு முகம் கொடுத்ததால் கெராசிமவ் புகழ் பெற்றார். எனக்கோ, பெயரறியாத மண்டையோட்டைப் பிறரிடம் கேட்டு வாங்கி, தம்மைத் தாமே சோதித்துக்கொண்ட கெராசிமவ் அதனினும் பெரியவராகத் தோன்றுகிறார். முன்னவரைக் கண்டு வியக்கலாம், பின்னவரைப் பின்பற்றலாம்.