இதய வால்வை அளத்தல்: லியொனார்டோ டா வின்சியின் வாழ்விலிருந்து ஒரு விளக்கம்

எக்கோ பரிசோதனை முடிந்த பின்னரும், வால்வின் அளவை அறிய சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் தேவை என்று மருத்துவர் உங்களிடம் கூறியிருக்கலாம். ஒரே வால்வை ஏன் மீண்டும் அளக்க வேண்டும் என்ற ஐயம் எழுவது இயல்பே. ஸ்கேன் கருவிகள் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒருவரின் வாழ்க்கை இதற்கு விடை தருகிறது.

உடலை அறிய விரும்பிய ஓவியர்

லியொனார்டோ டா வின்சி 1452 ஏப்ரல் 15 அன்று இத்தாலியின் வின்சிப் பகுதியில் பிறந்தார். புளோரன்ஸ் நகரில் வெரோக்கியோவிடம் கலை பயின்றார். மோனா லிசா ஓவியத்தின் வழியாக அவரை நீங்கள் அறிந்திருப்பீர்கள். மனித உடலைப் பிழையின்றி வரைய விழைந்த ஆர்வம், அவரை உடற்கூற்று ஆய்வுக்கு இட்டுச் சென்றது. 1507-08 குளிர்காலத்தில் புளோரன்ஸ் மருத்துவமனை ஒன்றில் இறந்த முதியவரின் உடலை ஆராய்ந்து, இரத்தக் குழாய்கள் தடித்துக் குறுகியிருந்ததைப் பதிவு செய்தார்.

மெழுகும் புல் விதையும்

1513-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் இதயத்தை ஆழ்ந்து ஆராய்ந்தார். பெரும்பாலும் காளையின் இதயமே அதற்குப் பயன்பட்டது. இதயத்திலிருந்து வெளியேறும் இரத்தம் திரும்பி வராமல் தடுக்கும் மூவிதழ்க் கதவே பெருந்தமனி வால்வு. துடிப்பு நின்ற இதயத்தில் அவ்விதழ்கள் தொய்ந்துவிடும். ஆகவே, உருகிய மெழுகை உள்ளே செலுத்தி இறுகச் செய்து வடிவத்தை அறியவும், அவ்வடிவில் கண்ணாடி மாதிரி செய்து, புல் விதைகள் கலந்த நீரை அதனுள் செலுத்தி ஓட்டத்தைக் காணவும் அவர் வழிமுறை வகுத்தார். வால்வுக்கு மேல் உருவாகும் சுழல்கள் இதழ்கள் மூட உதவுகின்றன என்று முடிவு செய்தார். அத்தகைய சுழல்களை இன்றைய எம்.ஆர்.ஐ. படங்கள் காட்டுகின்றன.

வடிவத்திற்கு ஒரு வழி, ஓட்டத்திற்கு மற்றொரு வழி. இன்றைய பரிசோதனைகளும் இவ்வாறே ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன.

இன்றைய மூன்று முறைகள்

• எக்கோ: ஒலி அலைகளால் செய்யப்படுவது, கதிர்வீச்சு இல்லை. இதழ்களின் அசைவையும் இரத்தத்தின் வேகத்தையும் காட்டும். பெரும்பாலும் முதலில் செய்யப்படுவது இதுவே. ஆனால், வழக்கமான எக்கோவில் வால்வுக்குக் கீழுள்ள பாதையின் அகலம் ஒரு கோட்டில் அளக்கப்பட்டு, பாதை வட்டமானது என்று கொண்டு பரப்பு கணக்கிடப்படுகிறது. உண்மையில் அது பலருக்கு நீள்வட்டமாக இருக்கும். விட்டம் 22 மி.மீ. என்பதற்குப் பதில் 20 மி.மீ. எனப் பதிவானால், வட்டப் பரப்பு 380 சதுர மி.மீ. என்பதற்குப் பதில் 314 எனக் குறைந்துவிடும்.

• சி.டி. ஸ்கேன்: வால்வு வளையத்தின் நீளம், அகலம், சுற்றளவு, பரப்பு ஆகியவற்றையும் சுண்ணாம்புப் படிவையும் காட்டும். இரத்தக் குழாய் வழியாகச் செயற்கை வால்வு பொருத்தும் முன் இவ்வளவு இன்றியமையாதது. பொருத்தும் வால்வு சிறிதானால் ஓரத்தில் இரத்தம் கசியலாம். பெரிதானால் வளையம் கிழியும் அபாயம் உண்டு. இதில் கதிர்வீச்சும் அயோடின் கலந்த மருந்தும் பயன்படுவதால், சிறுநீரகக் கோளாறோ ஒவ்வாமையோ இருப்பின் முன்கூட்டியே தெரிவியுங்கள்.

• எம்.ஆர்.ஐ. ஸ்கேன்: கதிர்வீச்சு இல்லை. வால்வில் எவ்வளவு இரத்தம் பின்னோக்கிக் கசிகிறது என்பதை அளக்க உதவும். நேரம் கூடுதலாகும், சுண்ணாம்புப் படிவைத் தெளிவாகக் காட்டாது. பேஸ்மேக்கர் அல்லது உடலினுள் உலோகப் பொருள் இருப்பின் அவசியம் கூறுங்கள்.

இம்முறைகள் தரும் எண்கள் ஒன்றோடொன்று முற்றிலும் ஒத்திருப்பதில்லை. எக்கோவில் ஓர் எண்ணும் சி.டி.யில் வேறோர் எண்ணும் இருப்பதைக் கண்டு மட்டும் நோய் முற்றிவிட்டது என்று அஞ்ச வேண்டாம். ஒரே முறையில் எடுத்த பழைய, புதிய அளவுகளை ஒப்பிட்டு விளக்குமாறு மருத்துவரைக் கேளுங்கள்.

பயன்படாமற்போன குறிப்புகள்

லியொனார்டோ பின்னர் ரோமுக்குச் சென்றார். அங்கு உடல்களை ஆராய அவருக்குத் தடை ஏற்பட்டது. பிரெஞ்சு மன்னரின் அழைப்பை ஏற்று பிரான்சு சென்ற அவர், 1519 மே 2 அன்று மறைந்தார். அவர் எழுத எண்ணிய உடற்கூற்று நூல் நிறைவுறவே இல்லை. குறிப்புகள் மாணவர் மெல்சியிடம் சேர்ந்தன. இதயம் பற்றிய தாள்கள் முழுமையாக அச்சேற ஏறத்தாழ 400 ஆண்டுகள் ஆயின. அரிய அளவீடுகள் உரியவர் கையில் சேராததால், தலைமுறை தலைமுறையாக மருத்துவர்கள் அவற்றின் பயனைப் பெறவில்லை.

உங்கள் அளவீடுகளுக்கு அந்நிலை நேர வேண்டாம். எக்கோ அறிக்கைகளையும் ஸ்கேன் படங்கள் அடங்கிய குறுந்தகடுகளையும் தேதி வாரியாகப் பாதுகாத்து, ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். மூச்சுத்திணறல், மயக்கம், நெஞ்சுவலி ஆகியவை தோன்றினால் அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் உடனே மருத்துவமனையை அணுகுங்கள்.