வீணாகும் வெப்பத்தைக் கணக்கில் எடுத்த மதகுரு

தொழிற்சாலையொன்றில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வெப்பமாற்றி ஒன்றின் வினைத்திறனைக் கணிக்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. உலையிலிருந்து வெளியேறும் காற்று 200 பாகை செல்சியஸில் அதற்குள் நுழைந்தது. அந்த வெப்பத்தைப் பெற்ற புதிய காற்று 30 பாகையிலிருந்து 132 பாகைக்குச் சூடேறியது. இரு பக்கமும் ஒரே அளவு காற்று. ஆகக்கூடியது 170 பாகை உயர்ந்திருக்கலாம், உயர்ந்ததோ 102. ஆகவே வினைத்திறன் 60 வீதம். மீதி 40 வீதம் புகைபோக்கி வழியே போய்க்கொண்டிருந்தது. அதற்கான எரிபொருளுக்கும் பணம் கட்டியிருந்தோம்.

போகும் வெப்பத்தைப் பிடித்துவைத்து மீண்டும் பயன்படுத்தும் வழியை 1816 இலேயே முன்வைத்தவர் ரொபர்ட் ஸ்டேர்லிங். 1790 இல் ஸ்கொட்லாந்தின் பேர்த்ஷயரில் பிறந்த அவர் ஒரு மதகுரு. தேவாலயப் பணியில் அமர்ந்த அதே ஆண்டில், வெப்பத்தைச் சேமிக்கும் கருவிக்கும் அது பொருத்தப்பட்ட காற்று இயந்திரத்துக்கும் ஆக்கவுரிமை கோரினார். சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்குச் செல்லும் காற்று, வழியில் தன் வெப்பத்தை உலோகத்தில் விட்டுச்செல்லும். திரும்பி வரும்போது அதை எடுத்துக்கொள்ளும். வெப்ப இயந்திரங்களின் கோட்பாட்டுக்கு அடித்தளமிட்ட கார்னோவின் நூல் வெளிவந்தது 1824 இல்தான்.

1818 இல் அவரது இயந்திரம் கற்குழி ஒன்றில் நீர் இறைத்தது. 1824 முதல் கோல்ஸ்டன் என்ற ஊரின் குருவாகப் பணியாற்றியபடியே, பொறியியலாளரான தம்பி ஜேம்ஸுடன் சேர்ந்து அதை மேம்படுத்தினார். 1840களில் டண்டீ நகர வார்ப்பாலையொன்றை அவர்களது இயந்திரம் இயக்கியது. ஆனால் சூடான பக்கத்து வார்ப்பிரும்பு வெப்பத்தைத் தாங்காமல் திரும்பத் திரும்பப் பழுதானது. சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது.

கணக்கு சரியாக இருந்தது, இரும்புதான் போதவில்லை. பெசமர் முறையில் மலிவான உருக்கு கிடைக்கத் தொடங்கியது 1856 க்குப் பின்னரே. அது முன்பே கிடைத்திருந்தால் தமது இயந்திரம் வென்றிருக்கும் என்று முதுமையில் ஸ்டேர்லிங் எழுதினார். 1878 இல் கோல்ஸ்டனில், 87 வயதில் காலமானார். அவரது தத்துவத்தைச் சீமென்ஸ் சகோதரர்கள் உலைகளுக்குக் கொண்டுசென்றார்கள். கண்ணாடி உலைகளில் அது இன்றும் வேலை செய்கிறது.

எங்கள் வெப்பமாற்றியின் குழாய்களில் படிந்திருந்த கரியைச் சுரண்டியெடுத்துவிட்டு மறுபடி அளந்தேன். புதிய காற்று 149 பாகையில் வெளிவந்தது: 70 வீதம். புதிதாக எதையும் வாங்கவில்லை. போகும் வெப்பத்தை அளந்து பார்த்ததுதான் நாங்கள் செய்தது.