பேசியே பாரம் இறக்கிய பெண்: பெர்த்தா பாப்பென்ஹைம்

மருந்து இல்லை, ஊசி இல்லை. வெறுமனே உட்கார்ந்து பேசினால் மனநோய் தீருமா? மனநல ஆலோசனை என்றதும் நம்மில் பலர் கேட்கும் கேள்வி இது. இதற்கு விடை தேடினால், ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் நோயாளியாகக் கிடந்த 21 வயதுப் பெண் ஒருவரின் கதைக்கு வந்து சேர்வோம். உளவியல் நூல்கள் அவரை அன்னா ஓ என்ற புனைபெயரில் குறிப்பிடுகின்றன. அவரது உண்மைப் பெயர் பெர்த்தா பாப்பென்ஹைம்.

1859 பிப்ரவரி 27-இல் வசதியான யூதக் குடும்பத்தில் பிறந்தார். நல்ல அறிவாளி. பல மொழிகள் தெரிந்தவர். ஆனால் 16 வயதோடு பள்ளிப் படிப்பு நின்றது. தம்பி பல்கலைக்கழகம் வரை போனார். அக்காவுக்கோ வீட்டில் பூத்தையல், கல்யாணத்துக்குக் காத்திருப்பு என்று நாட்கள் கழிந்தன.

1880-ஆம் ஆண்டு கோடையில் தந்தை கடும் நோயில் விழுந்தார். இரவெல்லாம் கண் விழித்துப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பெர்த்தாவுக்கு. சில மாதங்களில் அவரே படுத்துவிட்டார். விடாத இருமல் வந்தது. வலது கை மரத்துப்போனது. பார்வை தடுமாறியது. தாய்மொழியான ஜெர்மன் மறந்து ஆங்கிலம் மட்டுமே வாயில் வந்தது. நடிக்கிறாள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. குடும்ப டாக்டர் யோசப் பிராய்யர் அப்படிச் செய்யவில்லை. மாலை வேளைகளில் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பேசுவதைக் கேட்டார்.

பேசி முடித்ததும் பெர்த்தாவின் மனம் சாந்தமடைந்தது. பேசாத நாட்களில் நிலைமை மோசமானது. 1881 ஏப்ரலில் தந்தை இறந்தபின் துன்பம் இன்னும் கூடியது. சந்திப்புகள் தொடர்ந்தன.

பிராய்யர் எழுதி வைத்த ஒரு சம்பவம் பிரபலமானது. கடும் வெயில் காலத்தில் பெர்த்தாவால் தண்ணீர் குடிக்க முடியாமல் போனது. தாகம் வாட்டினாலும் தம்ளரை உதட்டருகே கொண்டுபோனதும் தள்ளிவிடுவார். ஆறு வாரம் பழங்களைச் சாப்பிட்டே சமாளித்தார். ஒரு நாள் அரைமயக்க நிலையில் பேசும்போது, வீட்டில் இருந்த ஆங்கிலேயத் தோழியின் நாய், தம்ளரில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்ததைப் பார்த்த அருவருப்பை முதன்முறையாகச் சொன்னார். மரியாதைக்காக அடக்கி வைத்திருந்த கோபம் கொட்டித் தீர்ந்ததும், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

இந்த முறைக்குப் பெயர் வைத்தவர் டாக்டர் அல்லர், பெர்த்தாதான். பேச்சு வைத்தியம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். வேடிக்கையாகப் புகைக்கூண்டைப் பெருக்குவது என்றும் சொல்வார். பிராய்யரிடம் இதைக் கேட்டறிந்த சிக்மண்ட் பிராய்ட், பின்னர் இதிலிருந்தே தமது உளப்பகுப்பாய்வை வளர்த்தார். 1895-இல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட நூலில் அன்னா ஓ-வின் கதை இடம்பெற்றது.

அந்த நூலைப் படித்தால் 1882 ஜூனில் அவர் குணமாகிவிட்டார் என்றே தோன்றும். பிற்காலத்தில் கிடைத்த மருத்துவமனைப் பதிவுகள் வேறு விதமாகச் சொல்கின்றன. அடுத்த மாதமே அவர் சுவிட்சர்லாந்தில் உள்ள சிகிச்சை இல்லத்தில் சேர்க்கப்பட்டார். வலிக்காகக் கொடுத்த மார்பினுக்கு அடிமையாகியிருந்தார். 1887 வரை மீண்டும் மீண்டும் சிகிச்சை தேவைப்பட்டது.

அப்படியானால் பேச்சு வைத்தியம் பொய்யா? இல்லை. அது மந்திரம் அல்ல என்பதுதான் பாடம். பிராய்யருக்கு வழிகாட்ட அன்று எந்த விதிமுறையும் இல்லை. இன்று உளவியல் சிகிச்சை முறைப்படி பயிற்சி பெற்றவரால் நடத்தப்படுகிறது. பெரும்பாலும் வாரம் ஒரு முறை, சுமார் 50 நிமிடம். சொன்னது வெளியே போகாது. உயிருக்கு ஆபத்து போன்ற நிலைகளில் மட்டுமே இதற்கு விலக்கு. எந்த நினைப்பு எந்தப் பயத்தைக் கிளப்புகிறது, அதை எப்படி எதிர்கொள்வது என்று இருவரும் சேர்ந்து பார்க்கிறார்கள். சிலருக்குச் சில வாரம் போதும், சிலருக்குப் பல மாதம் ஆகும். தேவைப்பட்டால் மருந்தும் சேரும்.

1888-இல் பெர்த்தா தாயாருடன் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே ஏழைகளுக்குச் சூப் ஊற்றும் பணியில் தொடங்கி, பெண் பிள்ளைகளின் அநாதை இல்லத்துக்குத் தலைமை ஏற்றார். 1904-இல் யூதப் பெண்கள் சங்கத்தை நிறுவி, 20 ஆண்டுகள் தலைவியாக இருந்தார். 1907-இல் நோய்-ஈசன்பர்க் ஊரில், திருமணமாகாத தாய்மாருக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் இல்லம் திறந்தார். பெண்களைக் கடத்தி விற்கும் கும்பல்களுக்கு எதிராக நாடு நாடாகப் பயணம் செய்தார். தமது நோய்க்காலத்தைப் பற்றி மட்டும் வெளியில் பேசவே இல்லை.

1936 மே 28-இல் காலமானார். 1938-இல் நாஜிகள் அவரது இல்லத்துக்குத் தீ வைத்தனர். அன்னா ஓ யார் என்பது 1953-இல்தான் உலகுக்குத் தெரிய வந்தது. மறுவருடமே மேற்கு ஜெர்மனி அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. நோயாளி என்பதற்காக அல்ல, பெண்களுக்கு ஆற்றிய தொண்டுக்காக.

மனம் உடைந்து படுத்த ஒருவர் பிறகு எழுந்து நூற்றுக்கணக்கானோருக்கு நிழலாக இருக்க முடியும். நம் வீட்டிலும் யாராவது பேச முடியாமல் தவித்தால், பைத்தியம் என்று முத்திரை குத்துவதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்போம். அதோடு நின்றுவிடாமல் தகுந்த மருத்துவரிடமும் அழைத்துச் செல்வோம்.