சென்னையில் ஞானஸ்நானம் பெற்ற மூன்று பெண்கள்
கல்கத்தா கண்ட வெள்ளைக்காரரின் கதை

அது 1689-ம் ஆண்டு. ஆகஸ்டு மாதம் 19-ந் தேதி.

சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயத்தில் அன்று மூன்று பெண்களுக்கு ஞானஸ்நானம் நடந்தது. மேரி, எலிசபெத், காதரின் என்று அவர்களுக்குப் பெயர். மூவரும் உடன் பிறந்தவர்கள். தகப்பனார் வெள்ளைக்காரர். தாயாரோ வட நாட்டு இந்துப் பெண்.

தகப்பனார் யார் தெரியுமா? ஜாப் சார்னாக்! கல்கத்தா நகரம் எழ வழி செய்தவர் என்று பல தலைமுறைகளாகப் பள்ளிக்கூடப் புத்தகங்களில் படிக்கப்பட்டவர்.

கல்கத்தாக்காரரின் பெண்கள் சென்னைக்கு வந்தது ஏன்? மூவருக்கும் ஒரே நாளில் ஞானஸ்நானம் நடந்தது ஏன்? அதைத் தெரிந்து கொள்ள அவருடைய வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். அந்த வாழ்க்கையின் மேல் கட்டுக்கதைகள் மலை போலக் குவிந்து கிடக்கின்றன.

நெய்வேலி மக்களுக்கு இது எளிதில் விளங்கும். அங்கே 1961-ம் ஆண்டு முதன் முதலாகப் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் அதற்கு முன்பு 150 அடிக்கும் மேலாக மண்ணையும் மணற்பாறையையும் வெட்டி எடுத்து அப்புறப்படுத்த வேண்டியிருந்தது. சார்னாக்கின் கதையிலும் மேல்மண்தான் அதிகம்.

தகப்பனார் பெயர் தந்த உயில்

சார்னாக் சுமார் 1630-ம் ஆண்டில் பிறந்தவர். லண்டன் நகரத்துக் குடும்பம். பூர்வீகம் இங்கிலாந்தின் வட பகுதியில் உள்ள லங்காஷயர்.

அவருடைய கல்லறைக் கல்லில் பெற்றோர் பெயர் இல்லை. பிறந்த ஊர் இல்லை. வயதும் இல்லை. ஆகவே அவருடைய குலம் கோத்திரம் பற்றி ஆளுக்கு ஒன்றாகச் சொல்லி வந்தார்கள். கடைசியில் உண்மையைக் காட்டிக் கொடுத்தது ஓர் உயில். லண்டனைச் சேர்ந்த ரிச்சர்ட் சார்னாக் என்பவர் எழுதிய உயில் அது. ஜாப் அவருடைய இரண்டாவது மகன் என்பது அதனால் தெரிந்தது. மூத்த மகன் பெயர் ஸ்டீபன்.

இங்கேதான் ஒரு சிக்கல். அதே காலத்தில் ஸ்டீபன் சார்னாக் என்று புகழ் பெற்ற பாதிரியார் ஒருவர் லண்டனில் இருந்தார். 1628-ம் ஆண்டில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் பெயரும் ரிச்சர்ட்! ஆகவே அந்தப் பாதிரியார்தான் ஜாப்பின் அண்ணன் என்று பலர் எழுதி விட்டார்கள். அப்படி இருக்கலாம். பொருத்தம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் பெயர் பொருந்துவதால் மட்டும் உறவு உறுதியாகி விடாது. நம் ஊரில் ஒரே தெருவில் நாலு ராமசாமிகள் இருப்பது இல்லையா? அவர்களில் இரண்டு பேருடைய தகப்பனார் பெயர் முத்துசாமியாக இருந்தால் இரண்டு பேரும் ஒருவர் ஆகி விடுவார்களா?

இருபது பவுன் சம்பளம்

1650-களின் நடுவில் சார்னாக் இந்தியாவுக்கு வந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியில் உத்தியோகம். வங்காளத்தில் காசிம்பஜார் என்ற ஊரில் வேலை. சம்பளம் மாதத்துக்கு அல்ல, ஆண்டுக்கு இருபது பவுன்.

பிறகு பாட்னாவுக்குப் போனார். 1664-ம் ஆண்டில் அங்கே இருந்த கம்பெனிக் கிடங்குக்குத் தலைவரானார். பாட்னாவில் வெடியுப்பு மலிவாகக் கிடைத்தது. வெடிமருந்து செய்ய அதுதான் முக்கியமான சரக்கு. ஐரோப்பாவில் வெடித்த பீரங்கிகளுக்குப் பீகார் மண்ணிலிருந்து உப்பு போனது. அந்த வியாபாரத்தை அவர் பல ஆண்டுகள் கவனித்தார். இந்துஸ்தானி பேசினார். நம் நாட்டுப் பழக்க வழக்கங்கள் அவருக்குப் படிந்து விட்டன.

பாட்னாவில் இருந்தபோதுதான் அவர் ஓர் இந்துப் பெண்ணுடன் வாழத் தொடங்கினார். அவள் யார்? இதற்கு இரண்டு கதைகள் உண்டு.

சிதையிலிருந்து மீட்டாரா?

முதல் கதை எல்லோருக்கும் பிடித்தமானது.

கணவன் இறந்து விட்டான். அழகான இளம் மனைவியை உடன்கட்டை ஏற்ற ஊரார் அழைத்துப் போகிறார்கள். வேடிக்கை பார்க்கச் சிப்பாய்களுடன் வந்த சார்னாக், அவள் அழகில் மயங்கினார். சிதையிலிருந்து அவளை மீட்டார். வீட்டுக்குக் கொண்டு போனார். இருவரும் அன்பாக வாழ்ந்தார்கள். குழந்தைகள் பிறந்தன. அவள் இறந்த பிறகு, ஆண்டு தோறும் அவள் கல்லறையில் சார்னாக் ஒரு சேவலைப் பலி கொடுத்தார். அவளைக் கிறிஸ்தவளாக்க வேண்டியவர், தாமே அவள் மதத்துக்குப் போய் விட்டார்!

சினிமாக் கதை போல இருக்கிறது அல்லவா? இதைச் சொன்னவர் அலெக்சாண்டர் ஹாமில்டன் என்ற கப்பல் மாலுமி. அவர் புத்தகம் வெளிவந்தது 1727-ம் ஆண்டில். அதற்குள் சார்னாக் இறந்து முப்பத்து நாலு ஆண்டுகள் ஆகி விட்டன.

இரண்டாவது கதையில் இனிப்பு இல்லை. அதை நாட்குறிப்பில் எழுதி வைத்தவர் வில்லியம் ஹெட்ஜஸ். 1682-ம் ஆண்டில் வங்காளத்தில் கம்பெனிக்குத் தலைவராக வந்தவர். அந்தப் பெண் உடன்கட்டை ஏற இருந்தவள் அல்ல. கணவனை விட்டு அவனுடைய பணத்தையும் நகைகளையும் எடுத்துக் கொண்டு ஓடி வந்தவள் என்று அவரிடம் சிலர் புகார் சொன்னார்கள். நவாப் சிப்பாய்களை அனுப்பினார், சார்னாக் தப்பி விட்டார், பிறகு பணம் கொடுத்து விவகாரத்தைத் தீர்த்தார் என்றும் சொன்னார்கள்.

இது சார்னாக் உயிருடன் இருந்த காலத்திலேயே எழுதியது. ஆகவே இதை நம்பலாமா? அதிலும் ஒரு சங்கடம். ஹெட்ஜசுக்கும் சார்னாக்குக்கும் ஜென்மப் பகை. தமக்கு வர வேண்டிய பதவி ஹெட்ஜசுக்குப் போனதில் சார்னாக்குக்கு மனத்தாங்கல். பகைவன் காதில் விழுந்த புகாரை எவ்வளவு தூரம் நம்புவது?

ஒருவர் காலம் கடந்து எழுதியவர். மற்றவர் கோபத்தில் எழுதியவர். நடுவில் அந்தப் பெண் வாய் திறக்கவே இல்லை. அவள் எழுதி வைத்தது ஒன்றும் இல்லை.

டமாரம் அடித்த தந்திரம்

1686-ம் ஆண்டில் சார்னாக் வங்காளக் கம்பெனிக்குத் தலைவரானார். பதவி வந்ததும் சண்டையும் வந்தது. சுங்க வரி விவகாரத்தில் கம்பெனிக்கும் மொகலாய அதிகாரிகளுக்கும் மோதல். ஹூக்ளியில் குண்டுகள் பறந்தன. சார்னாக் தம் ஆட்களுடன் ஆற்றின் வழியாகக் கீழே வந்து சுதாநுட்டி என்ற கிராமத்தில் இறங்கினார். பிற்காலத்துக் கல்கத்தாவின் ஒரு பகுதி அது.

அங்கும் நிலைக்க முடியவில்லை. 1687-ம் ஆண்டில் கடல் முகத்தில் உள்ள ஹிஜ்லித் தீவுக்குப் போனார். சேறும் கொசுவும் நிறைந்த இடம். காய்ச்சலில் அவருடைய ஆட்கள் ஈசல் போல மடிந்தார்கள். வெளியே மொகலாயப் படை முற்றுகை.

அப்போது எழுபது பேருடன் ஓர் உதவிக் கப்பல் வந்தது. எழுபது பேரை வைத்துக் கொண்டு என்ன செய்வது? சார்னாக் ஒரு தந்திரம் செய்தார். தம்முடைய ஆட்களை ஒருவர் ஒருவராக ரகசியமாகக் கரைக்கு அனுப்பினார். அங்கிருந்து கொடி பிடித்து, டமாரம் அடித்து, ஆரவாரத்துடன் கோட்டைக்குள் அணிவகுத்து வரச் செய்தார். புதுப் படை வந்து கொண்டே இருக்கிறது என்று எதிரிகள் நினைத்து விட்டார்கள். சமாதானப் பேச்சு தொடங்கியது!

ஆனால் அடுத்த ஆண்டு லண்டனிலிருந்து வந்த ஹீத் என்ற கப்பல் தளபதி, சார்னாக்கின் யோசனையைக் கேட்கவில்லை. எல்லோரையும் கப்பலில் ஏற்றினார். பாலசோர், சிட்டகாங் என்று அலைந்து விட்டு, கடைசியில் சென்னையில் கொண்டு வந்து இறக்கினார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த இடத்தை விட்டு, வீடு வாசல் இல்லாமல், மூன்று பெண்களுடன் சார்னாக் சென்னைக் கோட்டையில் வந்து நின்றார்.

அப்போது சென்னைக்குக் கவர்னர் எலிஹு யேல். அமெரிக்காவில் உள்ள யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தவர் அவர்தான். 1690-ம் ஆண்டில் கடலூர் அருகே செயின்ட் டேவிட் கோட்டையைக் கம்பெனி விலைக்கு வாங்கியதும் அவர் காலத்தில்தான்.

பதிவேடு சொல்வது என்ன?

இந்தச் சமயத்தில்தான் அந்த ஞானஸ்நானம் நடந்தது.

மூவருக்கும் ஒரே நாளில் என்றதும், மூவரும் ஒரே பிரசவத்தில் பிறந்தவர்களோ என்று தோன்றும். அது தவறு. ஞானஸ்நானத் தேதி வேறு, பிறந்த தேதி வேறு. பழைய குடும்ப வரலாறு தேடுகிற பலர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மூத்தவள் மேரியின் கணவர் சார்லஸ் அயர். மேரி இறந்தது 1697-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். ஞானஸ்நானம் நடந்த ஆண்டில்தான் பிறந்தாள் என்றால், சாகும்போது அவளுக்கு வயது ஏழு! வங்காளத்து ஆங்கிலேயர் தலைவருக்கு ஏழு வயது மனைவியா? ஆகவே சென்னைக்கு வந்தபோதே அவள் வளர்ந்த பெண் என்பது தெளிவு.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. தகப்பனார் மதம் மாறிப் போனார் என்பது மாலுமியின் கதை. அப்படியானால் தம் மூன்று பெண்களையும் தேவாலயத்துக்கு அழைத்து வந்தது ஏன்? பதிவேட்டில் உள்ள ஒரு தேதி, மாலுமியின் கதையைப் பாதி சாய்த்து விடுகிறது.

சேவல் பலி மட்டும் உண்மையாக இருக்கலாம். நம் ஊர்க் காவல் தெய்வங்களுக்குச் சேவல் அறுப்பது போல, பீகாரிலும் ஐந்து பீர்களுக்குச் சேவல் பலி கொடுக்கும் வழக்கம் உண்டு. பாட்னாவில் நெடுங்காலம் வாழ்ந்தவருக்கு அந்தப் பழக்கம் ஒட்டிக் கொண்டிருந்தால் ஆச்சரியம் இல்லை.

அந்தப் பெண்ணுக்கு மரியா என்று பெயர் சூட்டிச் சிலர் எழுதியிருக்கிறார்கள். சார்னாக்கின் கல்லறைக் கல்லில் மரியா என்ற பெயர் இருப்பது உண்மை. ஆனால் அது மூத்த மகள் மேரியின் பெயர்! லத்தீன் மொழியில் மேரி, மரியா ஆகி விட்டாள். மகள் பெயரைத் தாய்க்கு வைத்து விட்டார்கள் போலும்.

கொட்டுகிற மழையில்

1690-ம் ஆண்டு ஆகஸ்டு 24-ந் தேதி சார்னாக் மூன்றாவது முறையாகச் சுதாநுட்டியில் கால் வைத்தார். நல்ல மழைக்காலம். பழைய குடிசைகள் அழிந்து கிடந்தன. ஒதுங்க இடம் இல்லை. அறுபதை எட்டும் வயதில், படகிலும் கூடாரத்திலுமாக அவர் மறுபடியும் வாழ்க்கையைத் தொடங்கினார்.

அதன் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை. கல்லறையில் 1692-ம் ஆண்டு ஜனவரி 10-ந் தேதி இறந்தார் என்று இருக்கிறது. நம் கணக்குப்படி அது 1693. காரணம், அந்தக் காலத்து ஆங்கிலேயருக்கு மார்ச் 25-ந் தேதிதான் புத்தாண்டு! அவர்களுடைய ஜனவரி, பழைய ஆண்டின் கடைசியில் வரும். 1752-ம் ஆண்டில்தான் இதை மாற்றினார்கள். பழைய தேதிகளைப் பார்க்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

பல்லாவரத்துக் கல்

மாமனாருக்குக் கல்லறை மண்டபம் எழுப்பியவர் மருமகன் சார்லஸ் அயர். கல்கத்தா செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் அது இருக்கிறது. மேரியும் அங்கேதான் அடக்கம். கடைசிப் பெண் காதரின், ஜோனதன் வைட் என்பவருக்கு வாழ்க்கைப்பட்டவள், அவளும் அங்கேதான். நடுப் பெண் எலிசபெத்தின் கணவர் பெயர் வில்லியம் பவ்ரிஜ்.

கல்லறையில் எழுதியுள்ளபடி அது சலவைக் கல். ஆனால் தாமஸ் ஹாலந்து என்ற புவியியல் நிபுணர் அந்தக் கல்லை ஆராய்ந்தபோது குட்டு வெளிப்பட்டது. அது சலவைக் கல்லே அல்ல! சென்னையை அடுத்த பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியில் கிடைக்கும் கருமையான கடினப் பாறை. அந்தப் பாறைக்கு ஹாலந்து, சார்னாக்கின் பெயரையே சூட்டினார். சார்னகைட்! உலகம் முழுவதும் அந்தப் பெயர்தான் வழங்குகிறது. நம்முடைய நீலகிரியும் சேர்வராயன் மலையும் அந்தப் பாறைதான். அடுத்த முறை ஊட்டிக்கோ ஏற்காட்டுக்கோ போகிறவர்கள் காலடியில் பார்க்கலாம்.

சார்னாக் உயிரோடு இருந்தவரை கம்பெனிக்கு அந்தக் கிராமங்கள் சொந்தம் ஆகவில்லை. 1698-ம் ஆண்டில்தான் சுதாநுட்டி, கலிகட்டா, கோவிந்தபூர் மூன்றையும் சார்லஸ் அயர் காலத்தில் கம்பெனி வாங்கியது. விலை 1,300 ரூபாய். கொடுத்தவர்கள் சாவர்ண ராய் சவுத்ரி குடும்பத்து ஜமீன்தார்கள்.

அந்தக் குடும்பத்தின் வழி வந்தவர்கள் முன்னூறு ஆண்டுகள் கழித்துக் கோர்ட்டுக்குப் போனார்கள். ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே ஊர் இருந்தது, மக்கள் இருந்தார்கள், சந்தை இருந்தது. அப்படியிருக்க ஒரு வெள்ளைக்காரர் ஊரை உண்டாக்கினார் என்பது எப்படிப் பொருந்தும் என்று கேட்டார்கள். வரலாற்று நிபுணர்கள் குழு ஆராய்ந்தது. கல்கத்தாவை ஒரு தனி மனிதர் நிறுவவில்லை, ஆகஸ்டு 24-ந் தேதி அந்த நகரத்தின் பிறந்த நாளும் அல்ல என்று 2003-ம் ஆண்டில் கல்கத்தா ஐகோர்ட்டு தீர்ப்பளித்தது.