பிரித்தறிந்த பெருந்தகை

மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தை இரு புறமும் பற்றி நிற்கும் கவையை, பட்டறைகளில் ஃபோர்க் என்று வழங்குவதை, நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது ஏன் அப்படி அமைந்தது என்று கேட்டவர் நம்மில் எத்தனை பேர்? இயந்திரங்களிடம் கேள்வி கேட்டே வாழ்ந்த கோவை ஜி.டி. நாயுடு அவர்களின் வரலாற்றை நண்பர்களுக்கு நினைவூட்டவே இதனை எழுதுகிறேன்.

கோவைக்கு அருகே கலங்கல் என்னும் சிற்றூரில் 1893 மார்ச் 23-இல் பிறந்தார் கோபால்சாமி துரைசாமி நாயுடு. பள்ளியில் மனம் ஒட்டவில்லை. தொடக்கக் கல்வியோடு படிப்பு நின்றது. பின்னர் ஒரு நாள் வெள்ளைக்கார வருவாய் அதிகாரி ஒருவர் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் அப்பக்கம் வந்தார். மாடும் குதிரையும் இழுக்காமல் ஓடும் வண்டி! அதைத் தமதாக்கிக்கொள்ள வேண்டும் என்னும் ஆசையோடு கோவைக்குச் சென்று ஓட்டலில் சர்வர் வேலைக்கு அமர்ந்தார். கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் ஏறி ஊர்வலமா வந்தார்? அக்கக்காகக் கழற்றினார்; மறுபடியும் பூட்டினார். அவர் பயின்ற பல்கலைக்கழகம் அதுதான்.

இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த வண்டிக்கு அன்றைய கலங்கலில் உதிரிப் பாகம் ஏது? இயந்திரங்களைப் பொறுத்தவரை அவ்வூரும் ஒரு தீவுதான். அந்தமானில் முதுநிலை விஞ்ஞானம் பயிலும் எனக்கு இது நன்றாகவே விளங்குகிறது. என் பெற்றோர் பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்த மண் இது. போர்ட் பிளேர் என்று நாம் பழகிய ஸ்ரீ விஜயபுரத்தின் மேடுபள்ளங்களில் ஏறி இறங்கும் வண்டிகள் யாவும் கப்பலில் வந்தவை. ஒரு சிறு பாகம் தேய்ந்தாலும் கடலைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். சென்னைக் கப்பல் வந்து சேர ஏறத்தாழ மூன்று நாள். காத்திருப்பவனுக்கு இயந்திரம் எஜமானன். பிரித்தறிந்தவனுக்கோ அது ஏவலாள்.

பிரித்துப் பார்ப்பவனுக்கே கேள்வியும் பிறக்கும். முன்கவையையே எடுத்துக்கொள்வோம். திருப்புவது, பள்ளத்தின் அதிர்ச்சியைத் தாங்குவது, பிரேக்கின் விசையை ஏற்பது ஆகிய மூன்றும் அதன் தலையில்தான். பிரேக் பிடித்தால் வண்டி முன்புறம் குனிவது அதனாலேயே. இந்த வேலைகளைப் பிரித்தால் என்ன என்று அமெரிக்கர் கார்ல் நெராக்கர் எண்ணினார். 1921-இல் வெளிவந்த அவருடைய நெர்-ஏ-கார் வண்டியில், சக்கரம் திரும்பும் முளை அதன் குடத்துக்குள்ளேயே இருந்தது. ஆனால் உலகம் வேறு வழியில் சென்றது. 1935-இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கொண்டுவந்த, குழாய்க்குள் குழாய் நழுவும் கவையே நிலைத்தது. பின்னர் இத்தாலியில் பியர்லூயிஜி மார்க்கோனி என்பவர் மாணவராயிருந்தபோது ஆய்வேட்டில் எழுதிய நடுக்குடத் திருப்பு முறை, 1990-இல் பிமோட்டா டெசி என்னும் வண்டியாகச் சாலைக்கு வந்தது. டெசி என்றாலே அவர்கள் மொழியில் ஆய்வேடு என்று பொருள்! இணைப்புக் கோல்களின் சிக்கலும் விலையும் அம்முறையைப் பரவவிடவில்லை. நல்ல கேள்விகள் எல்லாம் சந்தையில் வெல்வதில்லை.

நாயுடுவின் வாழ்வும் இதற்குச் சான்று. 1920-இல் ஒரே ஒரு பேருந்தை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார், அது யு.எம்.எஸ். என்னும் பெரு நிறுவனமாக வளர்ந்தது. 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கினார். உலர் மின்கலத்தில் இயங்கும் ரசந்த் சவரக் கருவியும் அவர் படைப்பே. 1945-இல் ஆர்தர் ஹோப் பெயரால் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி எழக் காரணமானார். பொறியியல் கற்க நான்காண்டு எதற்கு, இரண்டு போதுமே என்பது அவர் வாதம். அரசு இணங்கவில்லை, பொறுப்பைத் துறந்தார். 1952-இல் அவர் உருவாக்கிய இருவர் அமரும் சிறு காருக்கு உற்பத்தி உரிமம் கிட்டவில்லை. ஏழைக்கும் எட்டும் விலையில் கார் என்னும் அவர் கனவு பட்டறையோடு நின்றது.

1974 ஜனவரி 4-இல் அவர் மறைந்தார். வென்றவையும் தோற்றவையும் கலந்த அவ்வாழ்வில் நாம் கொள்ள வேண்டியது எது? பட்டம் பெறப்போகும் நாம் கடலுக்கு அப்பாலிருந்து வரும் பொருளுக்குக் கை நீட்டியே நிற்கலாம். அல்லது திருப்புளியைக் கையில் எடுக்கலாம். ஓட்டல் கூலியில் ஓர் இளைஞர் எடுத்ததை, நூலகமும் ஆய்வுக்கூடமும் வாய்த்த நாம் எடுக்கத் தயங்கலாமா?